இரவு டூட்டியில் தலைமை யார்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவசரக் குழு அமைப்பது எப்படி?

கேள்வி: நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பு மருத்துவ அலுவலர். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், பி.பி. மாத்திரை வாங்க வந்த பெரியவர் வரிசையிலேயே சுருண்டு விழுந்தார். எல்லோரும் ஓடி வந்தோம். ஆனால் 108-க்கு யாருமே போன் செய்யவில்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது. மருந்து அலமாரியின் சாவி மருந்தாளுநரிடம். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். நல்லவேளை, பெரியவர் பிழைத்துக்கொண்டார். இங்கே மருத்துவர் இருவர், ஸ்டாஃப் நர்ஸ் மூவர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், மருத்துவமனைப் பணியாளர் இருவர். மாலை 4 மணிக்கு மேல் ஒரு நர்ஸும் ஒரு பணியாளரும் மட்டும்தான். இவ்வளவு பேரை வைத்து அவசரக் குழு அமைக்க முடியுமா? தலைமையை யாரிடம் கொடுப்பது? மேலிட அனுமதி வேண்டுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் ஆட்களின் பெயரைப் போட்டு நிரந்தரக் குழு அமைக்காதீர்கள். பல நிலையங்களின் சுவரில் 'அவசரகாலக் குழு' என்று ஒரு பட்டியல் சட்டம் போட்டுத் தொங்கும். அதில் பாதிப் பேர் மாறுதலாகிப் போயிருப்பார்கள். மிச்சமிருப்பவர்களில் ஒருவர் முகாமில், ஒருவர் ரிவ்யூ மீட்டிங்கில், ஒருவர் விடுப்பில். நோயாளி விழும் நேரத்தில் கட்டிடத்துக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் குழு. அதனால் ஒவ்வொரு ஷிஃப்ட்டும் தொடங்கும்போது அந்த ஷிஃப்ட்டின் குழுவை முடிவு செய்யுங்கள். ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை போதும். தலைமை, மூச்சு, மார்பு அழுத்தம், மருந்து, போனும் குறிப்பும், கூட்டம் என்று ஆறு வேலைகளை நிரந்தரமாக எழுதி, எதிரே அன்றைக்கு இருப்பவர்களின் பெயரை மார்க்கரில் போட்டால் ஆயிற்று.

பகலில் இதை நிரப்புவது சுலபம். முதல் ஓ.பி. அறையில் உட்காரும் மருத்துவருக்குத் தலைமை. ஒரு நர்ஸுக்கு அம்பு பேகும் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) ஆக்சிஜனும். இன்னொருவர் ரத்தநாளத்தில் ஊசிவழி திறந்து மருந்தேற்ற, மருந்தாளுநர் ஆம்பூலை (ஊசி மருந்துக் குப்பி) எடுத்துப் பெயரையும் காலாவதித் தேதியையும் உரக்கப் படித்துக் கொடுக்கட்டும். ஆய்வக நுட்பநர் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பெழுதுபவராக மாறிவிடலாம். மயங்கிய யாருக்கும் சர்க்கரை பார்க்காமல் விடக்கூடாது. பரபரப்பில் முதலில் மறந்துபோவது அதுதான்.

தலைமை ஏற்பவர் நோயாளியின் கால்மாட்டில் நிற்க வேண்டும், கையில் எதையும் பிடிக்காமல். நம் மருத்துவர்களுக்கு இது சிரமம். ஊசிவழி கிடைக்கவில்லை என்றால் உடனே குனிந்து தாமே தேட ஆரம்பித்துவிடுவார்கள். அவர் குனிந்த நொடியிலிருந்து மூச்சு எப்படி இருக்கிறது, நேரம் எவ்வளவு ஆயிற்று என்று முழுசாகப் பார்க்க ஆள் இல்லை. உத்தரவையும் பொதுவாகச் சொல்லக்கூடாது. "யாராவது 108-க்குப் போடுங்க" என்றால் யாரும் போடமாட்டார்கள். உங்கள் நிலையத்தில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "மேரி சிஸ்டர், அட்ரினலின் அரை மில்லி, தொடையில." "அட்ரினலின் அரை மில்லி, வலது தொடையில போட்டாச்சு சார், 10.42." ஒவ்வாமை அதிர்ச்சியில் கிடக்கும் பெரியவர்களுக்கு இந்த அரை மில்லியை (அதாவது அரை மில்லிகிராமை) தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவதுதான் முதல் சிகிச்சை. அது போட்டதா, போடப் போகிறோமா என்ற சந்தேகம் அறையில் ஒருவருக்கும் இருக்கக்கூடாது.

மார்பு அழுத்தத்தை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். இரண்டு நிமிடத்துக்கு மேல் எவ்வளவு திடகாத்திரமானவரும் தமக்கே தெரியாமல் மேலோட்டமாக அழுத்த ஆரம்பித்துவிடுவார். இதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை; பணியாளர் அக்காவும் காவலாளியும் ஒரே பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால்தான் நர்ஸின் கை மருந்துக்கும் மூச்சுக்கும் மிஞ்சும்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: இரவில் தலைமை யார்? அங்கே இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்தான். இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கும் மருத்துவர் போனில் தலைமை தாங்க முடியாது. நர்ஸ் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லலாம், மேல் மருத்துவமனையோடு பேசலாம், அவ்வளவே. இதை நீங்களே எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். "டாக்டர் வரட்டும்" என்று காத்திருக்கும் பழக்கம் நர்ஸுக்குத் தெரியாததால் வருவதில்லை; மருந்து போட்டால் கேள்வி கேட்பார்களே என்ற பயத்தால் வருவது. பயத்தைப் போக்க ஒரே வழி எழுத்து. எந்தெந்த நிலையில் எந்த மருந்தை உங்கள் போனுக்குக் காத்திராமல் கொடுக்கலாம் என்று, துறையின் சிகிச்சை நெறிமுறைகளை ஒட்டி, ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அவசர மருந்து ட்ரேயின் மூடியிலேயே ஒட்டுங்கள். இது புதுமை ஒன்றும் இல்லை. தடுப்பூசி முகாமில் ஒவ்வாமை வந்தால் ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) ஒரு டோஸ் அட்ரினலின் போடலாம். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு இரண்டு பிட்டத்திலும் தலா 5 கிராம் மக்னீசியம் சல்ஃபேட் முதல் டோஸாகப் போட்டு அனுப்பவும் தேசிய வழிகாட்டுதல்கள் நர்ஸுக்கும் ஏ.என்.எம்.முக்கும் இடம் கொடுத்திருக்கின்றன. நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் முதல் டோஸ் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் உங்கள் நிலையத்துக்கே வந்திருக்கிறது.

இரண்டே பேர் இருக்கும் இரவுக்கு ஒழுங்கு வேறு. பணியாளர் முதலில் 108-ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைக்க வேண்டும். மருத்துவருக்கு அதற்குப் பிறகு. பல இடங்களில் வரிசை தலைகீழாக நடக்கிறது. மருத்துவர் போனை எடுக்கும்வரை ஆம்புலன்ஸ் புறப்படவே புறப்படாது. நிலையத்துக்கு நடந்து வரும் தூரத்தில் குடியிருக்கும் கிராம சுகாதார செவிலியர், ஓட்டுநர் என்று மூன்றாவது கைக்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு கை தேவைப்படும் என்பது பாம்புக்கடியில் தெரியும். விஷமுறிவு மருந்து தூளாக வரும் குப்பி. ஒவ்வொன்றிலும் 10 மில்லி நீர் விட்டு, குலுக்காமல் மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். தொடக்க டோஸே 10 குப்பி. ஒரு நர்ஸ் தனியாக உட்கார்ந்து பத்தையும் கரைத்துக்கொண்டிருந்தால் விஷம் நரம்பைத் தாக்கி நோயாளியின் கண்ணிமை சரிவதைப் பார்க்க ஆள் இருக்காது. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவை நம்ப முடியாது. அந்தக் குழாய் ஆய்வகத்துக்குள், ஆய்வகம் பூட்டியிருக்கும்! நான்கு குழாய்களை இப்போதே ட்ரேயில் எடுத்து வையுங்கள். விஷமுறிவு மருந்துக்கே ஒவ்வாமை வரலாம் என்பதால், அதை ஏற்றும் முன் அட்ரினலினை சிரிஞ்சில் எடுத்துப் பெயர் எழுதித் தயாராக வைப்பதும் இரவு நர்ஸுக்கான அந்த ஒரு பக்கக் குறிப்பில் இருக்கட்டும்.

சாவி விஷயம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அவசர ட்ரேக்குப் பூட்டே கூடாது. திருட்டுப் பயம் இருந்தால் மூடியின் குறுக்கே பிளாஸ்டர் ஒட்டி அதன்மேல் தேதியும் கையெழுத்தும் போடுங்கள். பிளாஸ்டர் கிழிந்திருந்தால் உள்ளே சரிபார்க்க வேண்டும், கிழியாவிட்டால் நிம்மதி. ஆக்சிஜன் சிலிண்டரை மட்டும் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் திறந்தே பார்க்க வேண்டும். 'சிலிண்டர் உள்ளது' என்று டிக் அடித்த பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே காலி சிலிண்டர் நிற்பதை ஆய்வுக்குப் போகும் எவரும் பார்த்திருப்பார்கள். திறக்கும் ஸ்பானரைச் சங்கிலி போட்டு சிலிண்டரின் கழுத்திலேயே கட்டிவிடுங்கள்.

கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஒதுக்குவது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் நம் ஊரில் ஒருவர் விழுந்தால் இருபது பேர் உள்ளே வருவார்கள், நாலு பேர் வீடியோ எடுப்பார்கள். உறவினரில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை என்ன நடக்கிறதென்று சொல்லிக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். தகராறுகள் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்லாத அந்த இடைவெளியில்தான் தொடங்குகின்றன. இதற்கு உங்களில் நன்றாகப் பேசத் தெரிந்தவரைப் போடுங்கள், பதவியைப் பார்க்காதீர்கள்.

பதவி இன்னோர் இடத்திலும் குறுக்கே வரும். நடுவில் வட்டார மருத்துவ அலுவலர் வந்து நின்றால் எல்லோருடைய கண்ணும் அவர் பக்கம் திரும்பும். இரண்டு தலைமை உண்டாகிவிடும். அப்போது பழைய தலைவர் ஒரே வாக்கியத்தில் நிலைமையைச் சொல்லி, "நீங்க எடுத்துக்கறீங்களா சார், நானே பார்க்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். பதில் எல்லோர் காதிலும் விழ வேண்டும். ஜி.ஹெச்.சுக்கு அனுப்பும்போதும் இதே மாதிரிதான்: யார், என்ன ஆயிற்று, என்ன கொடுத்தோம் எத்தனை மணிக்கு, அங்கே என்ன தயாராக இருக்க வேண்டும். சீட்டில் எழுதியது போதாது, போனிலும் சொல்லுங்கள்.

பேருந்து கவிழ்ந்து ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்தால் தலைமை சிகிச்சையில் இறங்காமல் வாசலில் நின்று, உடனே பார்க்க வேண்டியவர், கொஞ்சம் காத்திருக்கக்கூடியவர், நடந்து போகக்கூடியவர் என்று பிரித்துவிட வேண்டும். அதைத் தனியாக ஒருநாள் விரிவாகப் பார்க்கலாம்.

ஒத்திகை வாரம் ஒருமுறை, பத்து நிமிடம், அறிவிக்காமல். மாதத்தில் ஒன்றாவது இரவில் நடக்கட்டும். முடிந்ததும் எது தாமதமாயிற்று என்று மட்டும் பேசுங்கள், யாரால் என்று பேச வேண்டாம். அந்தக் கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசினால் பணியாளர் அக்காவும் வாய் திறப்பார்.

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலையத்துக்குள் வேலையைப் பிரித்துக் கொடுப்பது பொறுப்பு மருத்துவ அலுவலரின் அன்றாட வேலைதான். உள் உத்தரவாக எழுதி, வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மருந்து கொடுக்கும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டுவதற்கு முன் அவரிடம் காட்டிவிடுவது நல்லது. பலகை, சங்கிலி, விநாடி முள் உள்ள சுவர்க் கடிகாரம் இவற்றுக்கு நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.