ஜூனில் போகாதீர்கள், டீச்சர்

கேள்வி: எனக்கு வயது 61. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் பெற்றோர் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். நான் சிறுமியாக இருந்தபோது விடியும் முன்பே அம்மா என்னை எழுப்பி, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் வழியில் ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார். அப்போது உச்சிவானில் ஒரு நட்சத்திரக் கொத்தைக் காட்டி, "அதுதான் கார்த்திகை, எண்ணு பார்க்கலாம்" என்பார். நான் ஆறு எண்ணுவேன். இன்று எங்கள் தாமானில் தெருவிளக்கு வெளிச்சத்தில் அது தெரிவதே இல்லை. பன்னிரண்டு பேர் மட்டும் போகும் பாய்மரக் கப்பலில் ஆர்க்டிக் கடலுக்குச் சென்று, காட்டு நிலத்தையும் நட்சத்திரங்களையும் பார்க்கும் பயணம் ஒன்றைப் பற்றிப் படித்தேன். அதிலிருந்து மனம் அங்கேயே இருக்கிறது. ஜூனில் ஸ்வால்பார்ட், செப்டம்பரில் கிரீன்லாந்து என்று இரண்டு பயணங்கள் உள்ளன. குளிர் குறைவாக இருக்கும் என்று ஜூனைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். மகனோ, "இந்த வயதில் ஐஸ் கடலுக்கு எதற்கு அம்மா, காசிக்குப் போய் வாருங்கள்" என்கிறான். எனக்கு நீரிழிவு உண்டு. இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். நான் போகலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: டீச்சர், வணக்கம். போகலாமா என்ற கேள்வியைப் பிறகு பார்ப்போம். முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால், முதலில் அந்த ஜூன் பயணத்தை விட்டுவிடுங்கள்.

ஸ்வால்பார்ட் தீவுகளின் முக்கிய ஊரான லாங்கியர்பியன் வடக்கே 78 பாகையில் இருக்கிறது. அங்கே ஏப்ரல் 20 வாக்கில் எழும் சூரியன் ஆகஸ்ட் 22 வாக்கில்தான் மறுபடி மறைகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் இரவு கிடையாது. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கும் சூரியன் வானத்தில் நிற்கும். ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் "துருவ வானம்" என்ற பெரிய எழுத்துகளை நம்பி ஜூனில் அங்கே போனேன். வால்ரஸ் கூட்டத்தைப் பார்த்தேன், பனியாறு உடைந்து கடலில் விழுவதைப் பார்த்தேன். எல்லாம் கண்கொள்ளாக் காட்சிகள்தான். ஆனால் எட்டு நாளும் தொலைநோக்கி பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. பயணத்தை விற்ற நிறுவனத்தில் ஒருவராவது அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. உங்களுக்கு அது நேரக்கூடாது. நீங்கள் கேட்பது இருட்டை. இருட்டு இருக்கும் மாதத்தில் போக வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நல்ல இருட்டான குளிர்காலத்தில் கிழக்குக் கிரீன்லாந்துக் கடல் உறைந்துவிடும், கப்பல் நுழையாது. பனி விலகியிருக்கும் ஜூலையில் இருட்டு இல்லை. கடலும் திறந்திருந்து இரவும் இருட்டும் காலம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய மட்டுமே. ஆகவே உங்கள் இரண்டாவது பயணம்தான் சரியானது.

செப்டம்பர்க் கப்பல்கள் பெரும்பாலும் போகும் இடம் ஸ்கோர்ஸ்பி சுண்ட். உலகின் மிகப் பெரிய ஃபியோர்டுத் தொகுதி இதுதான். மலைகளுக்கு நடுவே கடல் கிளை கிளையாகப் பிரிந்து, நிலத்துக்குள் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வரை நுழைந்திருக்கிறது. 1822இல் இந்தக் கரையை வரைபடமாக்கிய திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் வில்லியம் ஸ்கோர்ஸ்பி, தம் தந்தையைச் சிறப்பிக்க இந்தப் பெயரை வைத்தார். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் மக்கள் வாழும் ஊர் ஒன்றே ஒன்றுதான்: 1925இல் உருவான இட்டொக்கொர்ட்டூர்மீட். நம் பழைய தோட்டம் ஒன்றின் லயங்களில் இருந்த அளவு மக்களே அங்கே இருக்கிறார்கள். கரையில் முழங்கால் உயரம்கூட இல்லாத பிர்ச், வில்லோ செடிகள் செப்டம்பரில் சிவந்து கிடக்கும். அவற்றுக்கிடையே கம்பளி தொங்கும் கஸ்தூரி எருதுகள் மேயும். வீடு அளவும் பள்ளிக்கூடம் அளவும் உள்ள பனிமலைகள் நீரில் மிதக்கும். நீங்கள் காண்பது அவற்றில் பத்தில் ஒரு பங்குதான், மீதி நீருக்கடியில்.

இனி வானம். சுங்கை சிப்புட்டில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து பாகை உயரத்தில்தான் இருக்கிறது. நீட்டிய கையில் மூன்று விரல் அகலம், அவ்வளவுதான். செம்பனை மரங்களுக்குப் பின்னால் அது ஒளிந்தே கிடப்பதால் நம்மில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில் அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும். ஸ்கோர்ஸ்பியில் அது 70 பாகை, கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். அதைச் சுற்றிச் சப்தரிஷி மண்டலம் மறையாமல் வட்டமிடும். நம் திருமணங்களில் பகல் வெளிச்சத்தில் மணமக்களை வெளியே அழைத்து வந்து "அதோ அருந்ததி" என்று வெறும் வானத்தைக் காட்டுகிறோம் அல்லவா? சப்தரிஷிகளில் உள்ள அந்த அருந்ததியும் வசிஷ்டரும் அங்கே எந்த இரவிலும் மறைவதில்லை.

உங்களுக்காகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அட்சரேகையில் கார்த்திகைக் கொத்தும் மறைவதில்லை! மிகத் தாழும்போதும் தொடுவானத்துக்கு மேலே நான்கரைப் பாகையில் நிற்கும். ஃபியோர்டின் மலைகள் மறைத்தால் ஒழிய, இரவு எந்த நேரத்திலும் அது வானில் இருக்கும். அதற்கு விலையாக, நம் ஊரில் தெற்கே ஒளிரும் அகத்தியர் நட்சத்திரம் அங்கே எழுவதே இல்லை. தென்சிலுவையும் கிடையாது.

பயணத்தை விற்பவர்கள் வடக்கு ஒளியைத்தான் முன்னால் வைப்பார்கள். சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தின் வழியே துருவப் பக்கம் இறங்கி, 100 கிலோமீட்டருக்கும் மேலே ஆக்சிஜன், நைட்ரஜன் மீது மோதுவதால் வரும் ஒளி அது. பச்சை நிறம் ஆக்சிஜன் தருவது. படங்களில் காணும் பச்சையை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். மங்கலாக இருக்கும் இரவில் நம் கண்ணுக்கு அது சாம்பல் நிற மேகம் போலவே தெரியும், கேமராதான் நிறத்தைப் பிடிக்கும். வலுத்து ஆடும் இரவில் நிறம் கண்ணுக்கே தெரியும். அதற்கு நல்வாய்ப்பு வேண்டும். மேகம் மூடினால் ஒன்றும் இல்லை, மேகத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் கையில் இருப்பது நிலவு மட்டும். சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்து, அமாவாசையை ஒட்டிக் கிளம்பும் பயணமாகக் கேளுங்கள்.

பன்னிரண்டு பேர் என்ற எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளின்படி பன்னிரண்டுக்கு மேல் பயணிகளை ஏற்றினால் அது பயணிகள் கப்பல், அதற்குரிய கடுமையான விதிகள் அனைத்தும் வந்து சேரும். அதனால்தான் சிறிய பாய்மரக் கப்பல்கள் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. இதில் நன்மை பெரிது. ரப்பர் படகில் எல்லாரும் ஒரே நடையில் கரை சேரலாம். கப்பல் விளக்குகளை அணைக்கச் சொன்னால் அணைப்பார்கள், நூற்றுக்கணக்கானோர் போகும் கப்பலில் அது எளிதில் நடக்காது. ஆனால் பாய்மரம் என்றதும் எல்லா நாளும் காற்றிலேயே போவதாக நினைக்க வேண்டாம். ஃபியோர்டுக்குள் காற்று அடங்கிக் கிடக்கும் நாள்கள் அதிகம், அப்போது இயந்திரம்தான் ஓடும். காற்று வந்து பாயை ஏற்றும்போது கயிறு இழுக்க உங்களையும் கூப்பிடுவார்கள். போய் இழுங்கள்.

நட்சத்திரம் பார்ப்பது முழுக்கக் கப்பல் தளத்திலிருந்துதான். பனிக்கரடி நடமாடும் நிலம் அது. பகலில் கரை இறங்கும்போதே துப்பாக்கியோடு வழிகாட்டி கூட வருவார், இரவில் யாரையும் இறக்க மாட்டார்கள். ஆடும் தளத்தில் தொலைநோக்கி பயன்படாது. 7க்கு 50 என்று குறித்த இருகண்நோக்கி ஒன்று போதும். வெள்ளை விளக்கைப் பார்த்துவிட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், அதனால் சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு வாங்குங்கள். தலைவிளக்கோடு மரத்துக்கு மரம் போன அம்மாவின் மகளுக்கு அதைக் கட்டிக்கொள்ள நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீரிழிவு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். இவ்வளவு சிறிய கப்பலில் பெரும்பாலும் மருத்துவர் இருக்க மாட்டார். அவசரம் என்றால் ஹெலிகாப்டர்தான், அதுவும் வானிலை விட்டால். அவசர மீட்பு, விமானத்தில் கொண்டுபோதல் இரண்டையும் ஏற்கும் காப்புறுதி இல்லாமல் கப்பல் ஏறாதீர்கள். உங்கள் நீரிழிவை மறைக்காமல் எழுதிக்கொடுத்து வாங்குங்கள், மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் அந்தக் காப்புறுதி செல்லாது. இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். விமானத்தில் கைப்பையிலும், தளத்தில் நிற்கும்போது உடலை ஒட்டிய உள்சட்டைப் பையிலும் வைத்திருங்கள். இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது, அதையும் உள்ளேயே வையுங்கள். கிரீன்லாந்துக்குப் போகும் வழியான ஐஸ்லாந்துக்கும் நமக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். இரவு ஊசியை எப்படி மாற்றிப் போடுவது என்று உங்கள் மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்குங்கள். அவர் போகக்கூடாது என்றால் கிரீன்லாந்தை விட்டுவிடுங்கள். வடக்கு நார்வேயில் டிரோம்சோ பக்கம் வெப்பக் கடல் நீரோட்டத்தால் குளிர்காலத்திலும் கடல் உறைவதில்லை. அங்கேயும் சிறிய பாய்மரக் கப்பல்கள் ஓடுகின்றன, பெரிய மருத்துவமனையும் அருகிலேயே இருக்கிறது.

குளிரை எண்ணிப் பயந்திருக்கிறீர்கள். செப்டம்பர் ஸ்கோர்ஸ்பியில் நீர் உறையும் நிலையை ஒட்டி, சில பாகை மேலும் கீழுமாக இருக்கும். பயப்பட வேண்டியது காற்றுக்கும் ஈரத்துக்கும்தான். பருத்தி உடை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம். உடலை ஒட்டி மெரினோ கம்பளி, அதன்மேல் ஃபிலீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத மேலங்கி. உடைகளைவிட முக்கியம் முழங்கால். ஏணியில் இறங்கி ஆடும் படகில் கால் வைக்க வேண்டும். இன்றே தொடங்கி வாரம் இரு முறை ஈப்போ கிளேடாங் மலை ஏறி இறங்குங்கள். ஐஸ்லாந்திலிருந்து கப்பலிலேயே டென்மார்க் நீரிணையைக் கடக்கும் பயணத்தைவிட, சிறு விமானத்தில் ஸ்கோர்ஸ்பிக்கே போய்க் கப்பல் ஏறும் பயணத்தை எடுங்கள். அந்த நீரிணை வயிற்றைப் புரட்டிவிடும்.

செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிடும். சைவம் என்று முன்பே எழுதிவிடுங்கள். சிறிய கப்பலில் சமையல்காரர் ஒருவர்தான், நடுக்கடலில் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டு போங்கள்.

மகன் விஷயம். காசிக்கும் போங்கள், அது வேறு. அவர் கவலையில் பாதி பணத்தைப் பற்றியது என்று நினைக்கிறேன், அதில் நியாயம் உண்டு. கப்பல் கட்டணம் மட்டுமே பல ஆயிரம் யூரோ. விமானமும் காப்புறுதியும் தனி. மருத்துவத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைத் தொடாதீர்கள், கடன் வாங்காதீர்கள். அதற்குப் பிறகும் கையில் மிஞ்சினால், அது முப்பது ஆண்டுக்கும் மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்த உங்கள் பணம். கணக்கைத் தாளில் எழுதி, காப்புறுதியும் மருத்துவரின் கடிதமும் சேர்த்து மகன் முன்னால் வையுங்கள். பாட்டி கார்த்திகையைக் காட்டிய கதையை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்தால் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.

பதிவு செய்யும்போது இன்னொன்று கேளுங்கள். நங்கூரமிட்ட இரவுகளில் மிதந்து வரும் பனிக்கட்டி கப்பலில் மோதாமல் பார்க்க ஒருவர் தளத்தில் விழித்திருப்பார். சில சிறிய கப்பல்களில் இந்தக் காவலைப் பயணிகளுக்கும் முறை வைத்துத் தருவார்கள். பலர் முன்னிரவு முறையைத்தான் விரும்புவார்கள். நீங்கள் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை உள்ள முறையைக் கேட்டு வாங்குங்கள். ஜூனில் ஏமாந்தபின் செப்டம்பரில் போனபோது நானும் அப்படித்தான் வாங்கினேன். செப்டம்பர் நடுவில் அந்த நேரத்தில் கார்த்திகை தென்கிழக்கில் நன்றாக உயர்ந்திருக்கும், கீழே திருவாதிரை எழுந்துகொண்டிருக்கும். கார்த்திகையில் நான் ஒன்பது எண்ணினேன். நீங்கள் எத்தனை எண்ணினீர்கள் என்று திரும்பி வந்ததும் எனக்கு எழுத வேண்டும்.