பழைய தோட்ட டிராக்டர் வாங்குமுன்: கேள்வி பதில்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓரிரு ஏக்கரோடு வீடு வாங்கி, 1960களிலிருந்து 1990 வாக்கு வரை வந்த தோட்ட டிராக்டர்களைத் தேடும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

மிச்சிகன் வாசகர்: விளம்பரத்தில் தோட்ட டிராக்டர் என்று இருக்கிறது. படத்தில் சாதாரணப் புல்வெட்டும் வண்டி போலத் தெரிகிறது. எப்படிப் பிரித்தறிவது?

பின்சக்கரத்தைப் பாருங்கள். தோட்ட டிராக்டரில் சக்கரம் தனி ஹப்பில் (அச்சு முனையிலுள்ள குடத்தில்), பெரும்பாலும் ஐந்து போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். புல்வெட்டும் வண்டியில் அச்சின் மேல் சக்கரத்தைச் செருகி, ஒரு கிளிப்பால் நிறுத்தியிருப்பார்கள். கலப்பையோ மண் கிளறும் கருவியோ இழுக்க முதல் வகைதான் தாங்கும்.

ஒன்ராறியோ வாசகர்: அண்ணா, கப் கேடட் 122 டிராக்டர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. எஞ்சினில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் நெரிக்கும் அழுத்தம்) மிகக் குறைவாகக் காட்டுகிறது என்று விற்பவரே சொல்கிறார். விட்டுவிடவா?

அந்த ஒரு எண்ணுக்காக விட்டுவிடாதீர்கள். இதில் இருப்பது கோஹ்லர் கே-301, 12 குதிரைத்திறன் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். கே வரிசையில் பெரும்பாலான எஞ்சின்களின் கேம் ஷாஃப்டில், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டில், ஒரு சிறு ஏற்பாடு உண்டு. ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் புகைவாயில் வால்வை அது லேசாகத் திறந்தே வைத்திருக்கும். அதனால் நல்ல எஞ்சினிலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும்.

சரியான சோதனை கசிவுச் சோதனைதான். கம்ப்ரஷன் வீச்சில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் சுழலாதபடி பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்த வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் 'உஸ்' என்று கேட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. புகைக்குழாயில் கேட்டால் புகைவாயில் வால்வு கசிகிறது, கார்புரேட்டரில் கேட்டால் உள்வாங்கும் வால்வு கசிகிறது.

அதற்கும் முன்னால், நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் சிலிண்டரைக் குளிர்விக்கும் செதில்கள் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டித் தயார் செய்திருக்கிறார்கள். ஆற விட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது சில நொடி நீலப்புகை வந்தால் நான் பொருட்படுத்தமாட்டேன். பாரம் இழுக்கும்போதும் நீலம் நிற்கவில்லை என்றால் எஞ்சின் வேலைக்குப் பணம் ஒதுக்கித்தான் விலை பேச வேண்டும்.

ஆயில் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் ஊசி மூடாமல் பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. இது சின்ன விஷயமல்ல. இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனை ஆயிலை வாரித் தெளித்துத்தான் எல்லாம் நனைகிறது. ஆயில் குறைந்தாலோ நீர்த்தாலோ முதலில் உடைவது அந்த ராடுதான். 10 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட கே எஞ்சின்கள் பலவற்றில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் கியர்களும் உண்டு. அவை உடைந்தால் எஞ்சினின் வார்ப்பிரும்புச் சுவரையே ஓட்டை போட்டுவிடும். ஆகவே டார்ச் அடித்து, பக்கச் சுவர்களில் வெல்டிங் தழும்போ பூச்சு ஒட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

நியூ ஜெர்சி வாசகர்: ஜான் டியர் 318. புதிதாகப் பெயின்ட் அடித்து, கேட்கும் விலையும் அதிகம். நம்பலாமா?

பெயின்ட்டுக்கு ஒரு டாலர்கூடக் கூட்டித் தராதீர்கள். 1983 முதல் 1992 வரை வந்த மாடல் இது. பவர் ஸ்டியரிங், ஹைட்ராலிக் ஓட்டம் (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஏற்பாடு) எல்லாம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வண்டி. இதன் உயிர் ஓனான் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். காற்றால் குளிர்வது. எஞ்சினை மூடியிருக்கும் மேல்தகட்டுக்கு அடியில் புல்லும் எலிக்கூடும் அடைத்தால் சூடேறி, வால்வு இருக்கை, அதாவது வால்வு அமரும் வளையம், கழன்றுவிடும். ஓனான் இந்த எஞ்சின்களைத் தயாரிப்பதை நிறுத்திப் பல காலமாகிறது. உதிரிபாகம் கையைக் கடிக்கும். தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஒரு மேட்டில் ஏற்றுங்கள். தேய்ந்த ஹைட்ராலிக் பம்ப் குளிரில் நன்றாகவே இழுக்கும்; ஆயில் சூடாகி இளகியதும்தான் மூச்சுவாங்கும். இரண்டு நிமிட ஓட்டத்தில் அது தெரியவே தெரியாது.

பென்சில்வேனியா வாசகர்: ஸ்டியரிங் கால் சுற்று ஆடுகிறது.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். தேய்ந்திருப்பது பெரும்பாலும் புஷ், பின், டை ராட் முனை போன்ற ஸ்டியரிங் இணைப்புகள்தான். விலையைக் குறைக்க நல்ல காரணம், வேண்டாமென்று சொல்ல அல்ல.

ஒஹாயோ வாசகர்: ஓடாத வீல் ஹார்ஸ் டிராக்டர், அடிமாட்டு விலைக்குத் தருகிறார்கள்.

எஞ்சின் கையால் சுற்றுகிறதா, பாகங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்ற இரண்டையும் பாருங்கள். எஞ்சினைத் திரும்பக் கட்டிவிடலாம். தொலைந்த பெல்ட் காப்பு, தூக்கும் கம்பி, புல்வெட்டும் தட்டு ஆகியவற்றைத் தேடி அலைவதுதான் பெரும்பாடு. மாடல் எண் தகடு இருக்கிறதா? அது இல்லாமல் சரியான பாகம் வாங்குவது கடினம். பனி வாரும் கருவியும் சேர்த்துத் தந்தால் தயங்காமல் எடுங்கள். தனியாக வாங்கப் போனால் அதற்கே தனி விலை.

அதே வாசகர்: வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

இருக்கையிலிருந்து எழுந்ததும் பிளேடு நிற்கும் ஏற்பாடு மிகப் பழைய மாடல்களில் கிடையாது. பிந்தைய மாடல்களில் உண்டு. ஆனால் பலர் அந்த ஸ்விட்சின் ஒயர்களை நேராக முறுக்கி இணைத்துவிடுகிறார்கள். பிளேடு சுழலாதபடி அதன் இணைப்பை முதலில் கழற்றி வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பிளேடு லீவரைப் போட்டபின் இருக்கையிலிருந்து மெதுவாக எழுந்து பாருங்கள். எஞ்சின் அணையவில்லை என்றால் அதைச் சரிசெய்வதுதான் உங்கள் முதல் வேலை. பிள்ளையை மடியில் வைத்து ஓட்டுவது மட்டும் எந்த வண்டியிலும் வேண்டவே வேண்டாம்.