பி.ஓ.டி.யில் 56 விழுக்காடும் இரண்டு அரியரும்: முதுநிலைக்கு விண்ணப்பிக்கலாமா?

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவுதான்: சென்னையில் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய உதவும் சிகிச்சையில் இளநிலை (பி.ஓ.டி.) முடித்து இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறீர்கள், மொத்தம் 56 விழுக்காடு, முதலாண்டில் அனாடமியிலும் பிசியாலஜியிலும் அரியர் வைத்துப் பிறகு தேறினீர்கள், அதன் முதுநிலையான எம்.ஓ.டி.க்கோ அமெரிக்காவுக்கோ விண்ணப்பித்தால் மதிப்பார்களா என்று கேட்கிறீர்கள். எழுதாமல் விட்டதை நானே ஊகித்துக்கொள்கிறேன். வகுப்பில் 70 வாங்கியவர்கள் ஏற்கெனவே விண்ணப்பப் படிவங்களைப் பூர்த்தி செய்துகொண்டிருப்பார்கள். வீட்டில் யாராவது ஒருவர், இதோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனால் என்ன என்று கேட்டிருப்பார். என் வீட்டில் அதைக் கேட்டவர் பெரியப்பா. அவர் இன்றுவரை ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

என்னுடைய மொத்தம் உங்களுடையதைவிட ஒரு விழுக்காடு குறைவு. அனாடமியை மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மதிப்பெண்ணில் என்ன இருக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்களின் கட்சியிலும் நான் இல்லை. நோயாளியின் கையைத் தொடப் போகிறவருக்கு அனாடமி தெரிந்திருக்க வேண்டும் என்று கல்லூரி எதிர்பார்ப்பது நியாயமே. பணம் கட்டிச் சேர்ந்திருப்பாள் என்று கீழே எழுத விரல் துடிப்பவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: என் அப்பா அம்பத்தூரில் லேத் ஓட்டியவர், எங்கள் வீட்டில் நன்கொடை என்ற சொல்லுக்குக் கோயில் உண்டியல் என்று மட்டுமே பொருள்.

2014இல் முதல்முறை எம்.ஓ.டி.க்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள், இனி அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். முதல் கேள்வியே அதுதான். "அனாடமியில் ஏன் மூன்று முயற்சி?" என்றார் நடுவில் அமர்ந்திருந்த பேராசிரியை. அந்த ஆண்டு அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மருத்துவம் கிடைக்காத கோபத்தில், இந்தப் படிப்பை ஒரு தண்டனையாக எண்ணிக்கொண்டு, அந்த ஆண்டின் பாதி வகுப்புகளுக்கு நான் போகவே இல்லை என்பதே மீதி உண்மை. அவர் தலையசைத்துவிட்டு, "சரி, ரேடியல் நரம்பு மேற்கையில் எந்த இடத்தில் எலும்பை ஒட்டிச் செல்கிறது?" என்று கேட்டார். மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கவைக்கும் நரம்பு அது. முதலாண்டு மாணவருக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி. நான் முழங்கையில் ஆரம்பித்து ஏதோ உளறினேன். அந்த அறையில் என்னைத் தோற்கடித்தது 55 இல்லை; தேறிவிட்டதாகத் தாளில் எழுதியிருந்த பாடம் அப்போதும் எனக்குத் தெரியாமல் இருந்ததுதான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. அதுவரை தேர்வுக் குழு பாரபட்சம் காட்டியதாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு மயிலாப்பூரில் இரண்டு அறைகள் மட்டுமே இருந்த ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. அங்கே வந்த ஒரு பூக்கார அம்மாவால்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். மாட வீதியில் பூ விற்பவர். ஸ்கூட்டர் மோதி வலது மேற்கை எலும்பு நடுவில் முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ரேடியல் நரம்பு அந்த எலும்பின் பின்பக்கப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டு இறங்குகிறது, அதனால்தான் நடுத்தண்டு முறிந்தால் அதுவும் அடிபடுகிறது என்பதைத் தேர்வுக்காக மூன்று முறை மனப்பாடம் செய்தவள் நான். ஆனால் அந்த அம்மாவின் கையை என் உள்ளங்கையில் ஏந்தி, "மேலே தூக்குங்கம்மா" என்று சொல்லி, அது அசையாமல் கிடந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு அது புரிந்தது.

அவருடைய கவலை நரம்பைப் பற்றியதில்லை. "பூ கட்ட முடியலையேம்மா" என்றார். பையிலிருந்து ஒரு பிடி மல்லிகையையும் வாழைநாரையும் எடுத்துச் செய்து காட்டினார்: இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து நாரைச் சுற்றி இழுக்கும்போது, மணிக்கட்டு கீழே விழுந்துவிடுவதால் விரல்களில் பிடி நிற்கவில்லை, முடிச்சு விழுவதற்குள் பூ நழுவிவிடுகிறது. மணிக்கட்டை 20 முதல் 30 பாகை வரை மேல்நோக்கி நிறுத்தினால்தான் விரல்களை மடக்கும் தசைகளுக்கு முழு வலிமை கிடைக்கும் என்பது பாடம். அதற்காகச் செய்வதுதான் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கும் காக்-அப் ஸ்பிளிண்ட். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, கையின் மேல் படியவைத்து, ஆறும்வரை பிடித்திருந்தேன். என் முதல் ஸ்பிளிண்ட் பார்க்க அழகாக இருந்தது. பூ கட்டத்தான் உதவவில்லை. உள்ளங்கையின் மேல் ரேகையைத் தாண்டி அரை அங்குலம் நீண்டிருந்ததால் விரல்கள் அடியில் மடங்கவே இல்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கத்தரியால் வெட்டி, விளிம்பை மீண்டும் இளக்கி வெளிப்பக்கம் மடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு முழம் கட்டிக் கொண்டுவந்தார். நெருக்கம் இல்லைதான், இருந்தாலும் முழம் முழம்தான். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும் என்ற கணக்கைச் சொல்லி அவரைப் பொறுத்திருக்கச் சொன்னேன். நான்காவது மாதத்தில் மணிக்கட்டு தானாக எழும்பத் தொடங்கியது.

2016இல் மறுபடியும் விண்ணப்பித்தேன். இந்த முறை வேறு ஒரு கல்லூரி. அனாடமியைப் பற்றிக் கேட்டபோது, வகுப்புக்குப் போகவில்லை, அதனால் தோற்றேன், பிறகு இப்படிக் கற்றேன் என்று சொல்லி, வெட்டிச் சரிசெய்த ஸ்பிளிண்டின் படங்களைக் காட்டினேன். முதலில் தவறாகச் செய்ததன் படத்தையும் வைத்திருந்தேன். குழுவில் இருந்தவர்கள் அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். இடம் கிடைத்தது. அந்த ஆண்டு என் பிரிவில் நாங்கள் மூன்று பேர் மட்டுமே என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்; பிசியோதெரபி அளவுக்கு நம் படிப்புக்குக் கூட்டம் வருவதில்லை, அந்த வசதியும் எனக்குச் சாதகமாக இருந்தது.

ஆகவே உங்கள் நிலைக்கு நான் சொல்லக்கூடியது இது. தகுதி விதியில் உள்ள குறைந்தபட்ச விழுக்காட்டை நீங்கள் எட்டியிருக்கிறீர்களா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன் சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டியிருந்தால் மிச்சம் நேர்முகத்திலும் உங்கள் விளக்கக் கடிதத்திலும்தான் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் அரியருக்குக் காரணம் சொல்ல இரண்டு வாக்கியங்களுக்கு மேல் செலவிட வேண்டாம். நீங்கள் தோற்ற பாடத்தோடு தொடர்புள்ள ஒரு நோயாளியை எடுத்து, அவருக்கு என்ன செய்தீர்கள், எங்கே தவறினீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். இன்டர்ன்ஷிப்பில் இருப்பதால் அப்படியொருவர் இந்த வாரமே உங்கள் முன் அமர்ந்திருப்பார்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை நானே ஏமாந்திருக்கிறேன், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அங்கே இரண்டு வகை முதுநிலை உண்டு. ஒன்று, உளவியல், உயிரியல் போன்ற வேறு பட்டம் பெற்றவர்கள் தெரபிஸ்டாக உருவாவதற்கான நுழைவுநிலைப் படிப்பு, ஓ.டி.காஸ் என்ற பொது விண்ணப்ப முறை பெரும்பாலும் இவர்களுக்கானது. மற்றொன்று, ஏற்கெனவே தெரபிஸ்டாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. பி.ஓ.டி. முடித்த நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவது வகை. நான் இந்த வேறுபாடு தெரியாமல் முதல் வகைக்குப் பணம் கட்டிவிட்டு, இது உங்களுக்கானது இல்லை என்ற பதிலைப் பெற்றேன். நுழைவுநிலைப் படிப்புகள் பலவற்றில் 4க்கு 3.0 ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) என்பது வழக்கமான எல்லைக்கோடு, ஓ.டி.காஸ் கணக்கில், திரும்ப எழுதிய பாடத்தின் பழைய மதிப்பெண்ணும் சேர்த்தே எண்ணப்படும். உங்கள் 56ஐ நான்கால் பெருக்கி நூறால் வகுத்து 2.24 என்று எழுதிக்கொண்டு அழ வேண்டாம். இந்திய மதிப்பெண்ணை மதிப்பிடும் நிறுவனங்கள் அப்படிக் கணக்கிடுவதில்லை. நம்மூரில் 60 என்பது முதல் வகுப்பு என்பது அவர்களுக்கும் தெரியும்.

அங்கே போய் வேலை செய்வதுதான் நோக்கமென்றால் மதிப்பெண்ணைவிட முக்கியமான இரண்டு செய்திகள் உண்டு. 2007 முதல் அமெரிக்காவில் தெரபிஸ்டாவதற்கு இளநிலைக்கு மேற்பட்ட பட்டம் வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்கள், அங்கே தெரபிஸ்டாகச் சான்று பெறுவதற்கான என்.பி.சி.ஓ.டி. தேர்வுக்கு முன் தகுதி மதிப்பீட்டையும் தாண்ட வேண்டும். அடுத்து, உங்கள் கல்லூரியின் படிப்பு, நீங்கள் படித்த ஆண்டில், உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பின் ஒப்புதலைப் பெற்றிருந்ததா என்று பாருங்கள். 1952இல் அந்தக் கூட்டமைப்பு தொடங்கியபோது இந்தியாவும் நிறுவன உறுப்பினராக இருந்தது. அது கேட்கும் களப்பயிற்சி குறைந்தது 1000 மணி நேரம். உங்கள் இன்டர்ன்ஷிப் பதிவேட்டில் அந்த மணிக்கணக்கு துறைவாரியாக, கையெழுத்தோடு இருக்கிறதா என்று இப்போதே சரிபாருங்கள். பின்னால் கேட்டால், கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

பரிந்துரைக் கடிதத்துக்காக நான் பட்டதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் கல்லூரி ஆசிரியர் ஒருவர், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். என்னை நானே புகழ்ந்து எழுத வேண்டிய அந்த வெட்கம் ஒருபுறமிருக்க, படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். அதில் என் பெயரைக்கூட நான் தவறாக எழுதியிருக்கலாம். உங்களுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டவராக இருந்தாலும், நோயாளியோடு உங்களைப் பார்த்த ஆசிரியரிடமே கேளுங்கள். முதலில் மோசமாக இருந்தார், பிறகு தேறினார் என்று அவர் எழுதினால் அதுவே உங்களுக்கு வேண்டியது.

கடைசியாக, அட்டெம்ப்ட் சான்றிதழ். எந்தப் பாடத்தை எத்தனை முறை எழுதினீர்கள் என்பதைச் சொல்லும் அந்தத் தாளைப் பல இடங்களில் கேட்பார்கள். அரியரை மறைக்க நினைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு அது கைக்கு வர ஏழு வாரம் ஆனது, அதற்குள் ஒரு விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விட்டது. நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில் கடிதம் கொடுங்கள். கொடுத்ததற்கு அடையாளமாக, கையில் இருக்கும் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.