இங்கிலாந்தின் நறுமணப் பைப் புகையிலைகள்: எதிலிருந்து தொடங்குவது?

பைப்பில் (புகைக்குழாயில்) இட்டுப் புகைக்கும் இங்கிலாந்தின் மரபான நறுமணப் புகையிலைகளில் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்குப் பெயர்பெற்ற ஊர், வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தை ஒட்டிய கெண்டல். அங்குள்ள காவித் என்ற புகையிலை நிறுவனம் தன் தொடக்கத்தை 1792 வரை பின்னோக்கிச் சொல்லிக்கொள்கிறது. வெனிலாவும் செர்ரியும் இனிக்கும் அமெரிக்கக் கலவைகளைப் போலன்றி, இவற்றில் ஜெரேனியம், ரோஜா, டோங்கா விதை போன்றவற்றின் வாசம் இலையின் சுவையை மூடாமல் அதன்மேல் படர்ந்திருக்கும்.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது கிரவுஸ்மூர். மென்மையான வர்ஜீனியா வகைப் புகையிலையில் எலுமிச்சைப் புல்லை நினைவூட்டும் பசுமையான மணம் இழையோடுவதால், பழகாத மூக்கையும் அது உறுத்தாது. என்னர்டேல் ஃப்ளேக்கை (ஃப்ளேக் என்பது அழுத்தித் தகடுகளாக வெட்டிய புகையிலை) அதன்பிறகு முயலுங்கள்; டப்பியைத் திறந்ததுமே பாதாமும் பூவும் குளியல் சோப்பும் கலந்தாற்போல் எழும் அந்த மணம் சிலரை மயக்கும், சிலரை முதல் இழுப்பிலேயே விரட்டிவிடும். ஃப்ளேக் பெரும்பாலும் ஈரமாகவே வரும் என்பதால், தகடுகளைக் கையால் உதிர்த்து அரை மணி நேரமாவது ஆறவிட்டு, அவசரமின்றிப் புகையுங்கள். புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் அபாயம் நீங்குவதில்லை என்பதையும் அறிந்தே தொடங்குங்கள்.

இந்த மணம் பிரையர் மரப் பைப்பில் ஊறிவிட்டால் எளிதில் போகாது. ஆகவே இவற்றுக்கென்றே மலிவான மக்காச்சோளக் கட்டைப் பைப் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.