கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன். கனடாவில் மிசிசாகாவில் இருக்கிறேன். உரிமம் எடுத்து, சென்ற மாதம் பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான லீ-என்ஃபீல்ட் .303 ஒன்று வாங்கினேன். 1943 என்று அடித்திருக்கிறது. இங்கேயே இருந்த லாங் பிராஞ்ச் ஆலையில் செய்தது என்றார் விற்றவர். பக்கவாட்டில் ‘நம்பர் 4 மார்க் 1/2 (எஃப்) எஃப்.டி.ஆர்.’ என்று கீறியிருக்கிறது. மேலே கறுப்புப் பெயின்ட். அது உதிர்ந்த இடங்களில் மங்கலான சாம்பல் நிறம். கிளப் நண்பர் ஒருவர், இது யாரோ பிற்பாடு அடித்த பெயின்ட், தின்னரில் கழுவி நீலமேற்றினால் (எஃகின் மேல் கருநீலப் படலம் உண்டாக்குவது) அசல் தோற்றம் வந்துவிடும் என்கிறார். செய்யலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செய்யாதீர்கள். தின்னரை எடுத்து உள்ளே வையுங்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்தக் கீறலிலேயே இருக்கிறது. எஃப்.டி.ஆர். என்றால் தொழிற்சாலையில் முழுதாகப் பிரித்துச் சீரமைத்தது. (எஃப்) என்பது லிவர்பூல் பக்கத்து ஃபசாகர்லி ஆலை. 1/2 என்பது அங்கே நடந்த மாற்றம்: முன்பு விசை, அதைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தில் பொருந்தியிருந்தது, துப்பாக்கியின் மரக்கட்டை ஈரத்தில் உப்பினால் விசையின் இழுப்பும் மாறும். அதனால் விசையை உடற்பகுதியிலிருந்தே தொங்கவிட்டார்கள். லாங் பிராஞ்சில் செய்தவை பெரும்பாலும் மார்க் 1 நட்சத்திரம். அவற்றை இப்படி மாற்றினால் 1/3 என்று வரும். ஆகவே விற்றவர் சொன்ன ஊர்க்கதையை நம்ப இடமில்லை.

இப்போது பூச்சு. நீலமேற்றும் பழைய முறையில் எஃகின் மேல் அமிலக் கரைசல் தடவித் துருப்பிடிக்க விடுவார்கள். பிறகு கொதிநீரில் இட்டால் செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். தேய்த்துவிட்டு மறுபடி துருவேற்றுவார்கள், மறுபடி கொதிக்கவைப்பார்கள். அழகான வேலை, ஆனால் நாள் பிடிக்கும். பாஸ்பேட் முறை வேறு. சூடான பாஸ்பாரிக் அமிலத் தொட்டியில் முக்கினால் எஃகின் மேல் நுண்ணிய படிகங்கள் வளரும். பார்க்கச் சாம்பல், பளபளப்பே இராது, எண்ணெயை உறிஞ்சும், பெயின்ட்டை இறுகப் பிடிக்கும். போரின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் பிரிட்டனில் பாஸ்பேட்டின் மேல் சன்கோரைட் என்ற கறுப்புப் பெயின்ட்டை அடித்துச் சூட்டில் இறுக்கினார்கள். உங்கள் பெயின்ட்டுக்கு அடியில் தெரியும் சாம்பல் அந்தப் பாஸ்பேட்டாகவே இருக்கவேண்டும். வீட்டில் டப்பாவால் அடித்திருந்தால் அடியில் பழைய கறுப்போ வெற்று எஃகோ தெரிந்திருக்கும்.

உறுதி செய்துகொள்ள, குழலின் மேல்மரத்தைக் கழற்றிப் பாருங்கள். ஆலையில் ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்துச் செய்த வேலை என்பதால் மரம் மூடிய இடத்திலும் பூச்சு இருக்கும். அவசரமாக அடிப்பவர் கண்ணுக்குத் தெரிவதோடு நிறுத்திவிடுவார். முத்திரை எழுத்துகளையும் விரலால் தடவுங்கள். மெருகுச் சக்கரத்தில் கொடுத்த துப்பாக்கியில் எழுத்து ஆழமிழந்திருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும், திருகுத் துளைகளின் வாய் கிண்ணம்போல் குழிந்திருக்கும். பூச்சுக்கு அடியில் துருக்குழிகள் தெரிந்தாலும் பதற வேண்டாம். அவை சீரமைப்புக்கு முந்தியவையாக இருக்கலாம்.

உங்கள் நண்பர் ‘அசல்’ என்பது 1943இல் ஆலையை விட்டு வந்த தோற்றத்தை. அது சீரமைப்பிலேயே போய்விட்டது. இன்று நீங்கள் நீலமேற்றினால் திரும்பி வருவது அதுவல்ல, ஒருபோதும் இருந்திராத ஒரு துப்பாக்கி. இரண்டாம் உலகப்போரில் சோவியத்துகள் கைப்பற்றிய ஜெர்மன் மவுசர் துப்பாக்கிகளுக்கும் இதுதான் நேர்ந்தது. சோவியத் கிடங்குகளில் பிரித்து, கறுப்பேற்றி, உறுப்புகளின் எண்கள் ஒத்துப்போகும்படி மின்பேனாவால் கீறி அடுக்கினார்கள். அந்தக் கறுப்பைச் சுரண்டி ‘ஜெர்மன்’ ஆக்கியவர்கள் ஒரு நல்ல சாட்சியத்தை அழித்தார்கள் என்பதே என் எண்ணம். எனக்கு அதில் கோபமே உண்டு.

உதிர்ந்த இடங்களில் மெல்லிய எண்ணெய் போதும். உப்புத்தாள் கிட்டேயே வரக்கூடாது. மேல்மரத்தைக் கழற்றியதும் குழலைப் படமெடுத்து அனுப்புங்கள். அங்கேயும் கறுப்பின் கீழ் சாம்பல் தெரிந்தால் உங்கள் நண்பரிடம் அதையே காட்டிவிடலாம்.