லெபனானுக்குப் போன தம்பி சுட வேண்டியிருக்குமா?

கேள்வி: நான் செந்தூலில் இருக்கிறேன். ராணுவத்தில் இருக்கும் என் தம்பி, ஐ.நா. படையோடு லெபனானுக்குப் போயிருக்கிறான். சண்டை மூண்டால் அவனும் சுட வேண்டியிருக்குமா? அம்மா சரியாகத் தூங்குவதே இல்லை.

பதில்: எந்தப் பக்கமும் சேர்ந்து சண்டை போட அவரை அனுப்பவில்லை. 1978-இல் அமைந்த யூனிஃபில் என்ற ஐ.நா. அமைதிப்படையில் மலேசிய வீரர்கள் 2007 முதல் இருக்கிறார்கள். நம் அணியின் பெயர் மால்பாட். லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே ஐ.நா. குறித்த 'நீலக்கோடு' என்ற எல்லைக்கோட்டுக்கு அருகே தென் லெபனானில் ரோந்து போவதும், அத்துமீறல் நடந்தால் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவதும், லெபனான் ராணுவத்துக்குத் துணை நிற்பதும்தான் வேலை.

கையில் ஆயுதம் இருக்கும். எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு 2006-இல் வந்த ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1701-ஆம் தீர்மானம் அடிப்படை. தங்களையும் முகாமையும் காக்கலாம். தங்கள் வேலையைப் பலவந்தமாகத் தடுப்பவர்களை எதிர்க்கலாம். உடனடி ஆபத்தில் இருக்கும் பொதுமக்களையும் காப்பாற்றலாம். அதிலும் எடுத்த எடுப்பில் சுடக்கூடாது, முடிந்தவரை முதலில் எச்சரிக்க வேண்டும். தலைக்கு மேல் ராக்கெட் பறந்தால் பங்கருக்குள் போய்விடுவார்கள். திருப்பி அடிப்பது அவர்கள் வேலை அல்ல.

அதற்காக, 'நீலத் தொப்பி போட்டவனை யார் தொடுவார்?' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2024 நவம்பரில், சிடோன் நகருக்கு அருகே வேறொரு காரைக் குறிவைத்து டிரோன் தாக்குதல் நடந்தது. அந்த வழியாக முகாமுக்குப் போய்க்கொண்டிருந்த நம் வீரர்களும் காயமடைந்தார்கள். நல்லவேளை, லேசான காயம்தான். உண்மையான ஆபத்து இப்படித்தான் வரும்.

சொந்தக்காரர்கள் சோமாலியாவை இழுத்துப் பயமுறுத்தலாம். 1993-இல் மொகாடிஷுவில் சிக்கிய அமெரிக்கர்களை மீட்க நம் கவச வண்டிகள் போனபோது ஒரு மலேசிய வீரர் உயிரிழந்தது உண்மை. ஆனால் அந்தப் படைக்கு ஐ.நா. கொடுத்த அதிகாரம் இதைவிடக் கடுமையானது.

2025 ஆகஸ்டில் வந்த 2790-ஆம் தீர்மானத்தின்படி யூனிஃபில் பணி 2026 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அதன்பின் ஓராண்டுக்குள் படை வெளியேற வேண்டும். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், புலனத்தில் பதில் வரவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். பங்கருக்குள் இருப்பவர் எப்படிப் பதில் போடுவார்? அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று அவருடைய படைப்பிரிவில் கேட்டு, எண்ணை வாங்கி வையுங்கள். அவர் அனுப்பும் முகாம் படங்களை முகநூலில் போடவே போடாதீர்கள். அவர் பெயரில் தனியார் காப்புறுதி இருந்தால் போர் தொடர்பான விலக்கு உண்டா என்று முகவரிடம் கேளுங்கள். பல பாலிசிகளில் அது இருக்கும். பதிலை வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.