எச்-1பி விசாவில் இரு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்வது பற்றி

கொக்குவில் சகோதரருக்கு வணக்கம். ஒரே அமெரிக்க ஆலோசனைக் கம்பனி உங்களை இரண்டு வாடிக்கையாளர்களிடம் அனுப்பவிருப்பதால் இரண்டு விசா வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எச்-1பி, அதாவது சிறப்புத் தகைமையுள்ள வெளிநாட்டவர் அமெரிக்காவில் தற்காலிகமாக வேலை செய்வதற்கான அனுமதி, உங்களுக்குச் சம்பளம் தரும் தொழில்தருநருடன் பிணைந்தது. வாடிக்கையாளர்களின் எண்ணிக்கையுடன் அல்ல.

சிக்கல் பெரும்பாலும் வேலைத்தலத்தில்தான் எழும். அமெரிக்கத் தொழில் திணைக்களம் சான்றுப்படுத்திய தொழில் நிபந்தனை விண்ணப்பத்தில் (உங்கள் சம்பளத்தையும் வேலைத்தலத்தையும் கம்பனி உறுதிப்படுத்தும் ஆவணம்) குறித்த பெருநகர எல்லைக்கு வெளியே இரண்டாவது வாடிக்கையாளரின் அலுவலகம் இருந்தால், குறுகிய காலப் பணிக்குரிய விதிவிலக்கு பொருந்தாதவிடத்து, அமெரிக்கக் குடிவரவுச் சேவையின் மேன்முறையீட்டு அலுவலகம் 2015 ஆம் ஆண்டு வழங்கிய சிமியோ தீர்ப்பின்படி, நீங்கள் அங்கு போவதற்கு முன்னரே கம்பனி திருத்திய ஐ-129 படிவத்தை (தொழிலாளருக்காகத் தொழில்தருநர் குடிவரவு அதிகாரிகளுக்கு அளிக்கும் மனு) தாக்கல் செய்ய வேண்டும். 2025 ஜனவரி 17 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி வாடிக்கையாளருடனான ஒப்பந்தத்தையும் குடிவரவு அதிகாரிகள் கேட்கலாம் என்பதால், கொழும்பில் நடக்கும் விசா நேர்காணலுக்கு முன்பே அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் கம்பனியை நான் நம்பமாட்டேன்.

வாடிக்கையாளர் உங்களுக்கு நேரடியாகப் பணம் தர முன்வந்தால் நிலைமை முற்றிலும் வேறு. அப்போது அவரும் தொழில்தருநராகித் தனி மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்துப் பழைய வாடிக்கையாளருக்கு அமெரிக்காவில் இருந்தபடி இரவில் செய்து கொடுக்க நினைக்கும் வேலையும், பணம் இலங்கையிலுள்ள வங்கியில் விழுந்தாலும், அனுமதியற்ற தொழிலாகக் கொள்ளப்படக்கூடும். ஆகவே சட்டத்தரணியிடம் அதை முதலில் கேளுங்கள்.